எழுப்பி மருந்து

வெள்ளிக்கொம்பு மலையைப் புயல் புரட்டிப்போட்ட அடுத்த மாதம் அங்கயற்கண்ணி அங்கே போய்ச் சேர்ந்தாள். கடலை விட்டு அவ்வளவு தள்ளியிருக்கும் மலைக்குப் புயல் வருவதெல்லாம் அந்தக் காலத்தில் பழகிப்போன சங்கதியாகிவிட்டது. அடிவாரத்து வேங்கைக்காடு தொடங்கி உச்சிச் சோலை வரைக்கும் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சாய்ந்த இடத்திலெல்லாம், ஓடு பெயர்ந்த கூரை மாதிரி, வானம் தெரிந்தது. காட்டிலாகா ஆட்கள் அந்த இடங்களை 'வெளி' என்றார்கள். ஒவ்வொரு வெளியிலும் எந்தக் கன்று எழுகிறது, எது பிழைக்கிறது, மலையில் ஏற ஏற அது எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை.

கூட ஜெபக்கனியும் வந்திருந்தாள். இருவரும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அங்கயற்கண்ணி மதுரைக்காரி, பேச ஆரம்பித்தால் எதிராளி தலையாட்டும்வரை விடமாட்டாள். ஜெபக்கனிக்கு உடன்குடிப் பக்கம் ஊர். அவள் தலையாட்டவே மாட்டாள். அதனாலேயே இருவருக்கும் ஒத்துப்போனது.

மலையின் பாதி உயரத்தில், பட்டிப்பாறை என்ற ஏலத்தோட்டத்தில், பழைய மேனேஜர் பங்களாவில் தங்கினார்கள். தோட்டத்தை முதலாளி கைவிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. லைன் வீடுகளில் தொழிலாளிகள் மட்டும் மிச்சம் இருந்தார்கள். அவர்களில் முத்துராக்கு என்ற பெண், காட்டுக்குள் இவர்களுக்குத் துணையாக வருவாள். வாயாடி. அட்டை கடித்தாலும் சிரித்துக்கொண்டே பிய்த்து எறிவாள்.

ஒருநாள் ஒரு நாங்கு மரத்தின் அடியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு முழக் கன்றைக் காட்டி அங்கயற்கண்ணி கேட்டாள்:

"ராக்கக்கா, இதுக்கு என்ன வயசு இருக்கும்?"

"ரெண்டு வருசம் இருக்குமா?"

"என் வயசு இருக்கும்."

முத்துராக்கு கன்றையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். "சோறு தண்ணியில்லாமக் கெடந்துச்சா?"

"காத்திருக்குக்கா. மேல இருக்கிற பெரிய மரம் விழணும். விழுந்தா நேர் வெயில் வந்து இலையில படும். பட்டதும் உள்ளுக்குள்ள ஒரு சாறு ஊறும். எந்திரின்னு அந்தச் சாறுதான் சொல்லும். அப்புறம் பாருங்க, விறுவிறுன்னு ஏறி அந்த ஓட்டையை அடைச்சிடும்."

"மரம் விழலைன்னா?"

"இப்படியே இருந்து செத்துப்போகும்."

"எங்க லைன் வீட்டு ஆளுக கதைதான், சொல்லுங்க," என்று முத்துராக்கு சிரித்தாள். ஜெபக்கனி சிரிக்கவில்லை. ஊறுகாயை முத்துராக்கின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்தச் சாற்றைத்தான் அங்கயற்கண்ணி பிரித்தெடுத்தாள். பிறகு ஆராய்ச்சிக்கூடத்தில் அதைப் போலவே ஒன்றைச் செய்தாள். எழுப்பி என்று பெயர் வைத்தாள். தண்ணீரில் கலந்து அடிவாரத்து வெளிகளில் தெளித்தபோது நடந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. புயலுக்குப் பின் முள்ளும் உண்ணிச்செடியும் மூடிக் கிடந்த இடங்களில் வேங்கைக் கன்றுகள் களையை முந்திக்கொண்டு கிளம்பின. இரண்டு மழைக்குள் ஆள் உயரம். காட்டுக் காயம் இனி ஒரு தலைமுறைக்குள் ஆறிவிடும் என்று பத்திரிகைகள் எழுதின. மதுரையில் அவள் படித்த பள்ளியில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள்.

நடுமலையிலும் மருந்து வேலை செய்தது, கொஞ்சம் சுணங்கி. உச்சிச் சோலையில் ஒரே ஒரு குளிர்காலம்தான் பார்க்க முடிந்தது. அந்த வருடம் உச்சியில் பனியே விழவில்லை. கன்றுகள் எழுந்தன, நின்றன.

அந்தச் சமயத்தில்தான் ஆராவமுதன் மலையேறி வந்தார்.

அணைத் திட்டத்தின் இயக்குநர் அவர். பகல் வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, மாலையில் இறக்கி விளக்கெரிக்கிற அணை. மிச்சத் தண்ணீர் கீழே இருக்கும் வறண்ட ஊர்களுக்குக் குடிநீர். அதற்குத் தோதான பள்ளத்தாக்கு பட்டிப்பாறைதான். ஆனால் அழிகிற காட்டுக்கு ஈடாக அதே மலையில் அதே பரப்புக்குக் காடு எழும்பியாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஈடு காட்ட மிச்சம் இருந்தது உச்சியில் இருந்த மேல்சோலை மட்டும்தான்.

ஆராவமுதன் குரல் உயர்த்தாத மனிதர். பங்களா வராந்தாவில் உட்கார்ந்து சுக்குக் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.

"மேடம், உங்க ஊர்ல தண்ணி லாரி பின்னாடி ஜனங்க குடத்தைத் தூக்கிட்டு ஓடுறதை நீங்களே பார்த்திருப்பீங்க. நான் காட்டை அழிக்கணும்னு வரல. மேல காட்டை அடர்த்தியாக்க முடியும்னு நீங்க சொன்னா, கீழ வெட்டுறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. வந்த வழியில போயிடுறேன்."

அவளுக்கு அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. முட்டி வலியோடு மாடிப்படியில் குடம் சுமக்கிற அம்மா. அதோடு இன்னொன்றும் இருந்தது. இந்த மலை முழுக்கப் பச்சை திரும்புவதைத் தன் கண்ணாலேயே பார்க்கலாம் என்ற ஆசை. அது அவளை விடவில்லை.

"முடியும் சார்," என்றாள்.

அவர் போனபின் ஜெபக்கனி அடுக்களைக்குள்ளிருந்து வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? மேலே இருக்க கன்னு சும்மா தூங்குதுன்னா நெனைக்க? அங்க வெளிச்சம் மட்டும் போதாது. பனி இருக்கு, மூட்டம் இருக்கு. எப்ப எந்திரிக்கணும்னு எல்லாத்தையும் கணக்குப் பாத்துக்கிட்டுல்லா கெடக்கு. நீ பாட்டுக்கு எழுப்பிவிட்டா எந்திரிக்கும். எந்திரிச்சி எதைத் திங்கும்? சேத்து வச்சதை எல்லாம் தீத்துட்டு நிக்கும்."

"ஒரு குளிர்காலம் பார்த்தாச்சு ஜெபா."

"அது குளிர்காலமாட்டி? நீ ஸ்வெட்டரையே பெட்டியை விட்டு எடுக்கலையே."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"இன்னும் மூணு குளிர் பாப்போம். இல்லைன்னா, எல்லா உயரத்துலயும் வேலை செய்யும்னு அறிக்கையில எழுதியிருக்கியே, அதை அடிச்சிட்டு, அடிவாரத்துலன்னு எழுது. நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுதேன்."

"மூணு வருஷம் எவன் காத்திருப்பான்?"

"கன்னு காத்திருக்கில்லா. நம்மளால முடியாதாக்கும்?"

அங்கயற்கண்ணி அறிக்கையைத் திருத்தவில்லை. மறுவாரம் சென்னையில் நடந்த கூட்டத்தில், உங்கள் குழுவில் எல்லோரும் ஒத்த கருத்துத்தானே என்று ஆராவமுதன் சாதாரணமாகத்தான் கேட்டார். அவளும் சாதாரணமாகத்தான் சொன்னாள்: "ஒருத்தங்க மட்டும் கொஞ்சம் தயங்குறாங்க. எப்பவுமே தயங்குறவங்க." அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அந்த மாதத்தோடு முடிந்த ஜெபக்கனியின் பணி புதுப்பிக்கப்படவில்லை. இரண்டு பெட்டிகளோடு அவள் ஜீப்பில் ஏறியபோது அங்கயற்கண்ணி சோலையில் இருந்தாள். வேலை இருந்தது என்பது உண்மை. சீக்கிரம் திரும்பியிருக்கலாம் என்பதும் உண்மை.

பட்டிப்பாறை ஜனங்களின் சம்மதமும் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் முணுமுணுத்தார்கள். இத்தனை மரத்தையும் வெட்டிவிட்டு மேலே வளர்ப்பதாவது, யாரை ஏமாற்றுகிறீர்கள் என்று ஒருவர் எழுந்து சத்தம் போட்டார். அப்போது முத்துராக்கு எழுந்தாள்.

"யோவ், உக்காருய்யா. மழைக்கு ஒழுகாத வீடு இங்க எவன் வீடு? போன ஐப்பசியில பேச்சியைப் பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு எறங்குனோமே, வழியிலயே செத்துப்போனாளே, மறந்துபோச்சா? அடிவாரத்துல தார்சு போட்ட கான்கிரீட் வீடு தர்றாக. மேல கன்னு பாக்குற வேலையும் நமக்குத்தானாம். டாக்டரம்மா வாயால சொல்லுச்சு. அது பொய் சொல்லாது. நான் கூடவே நடந்தவ."

அங்கயற்கண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். பெருமையாகத்தான் இருந்தது. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

வெட்டு முடிந்து, சுவர் எழும்பி, தண்ணீர் ஏறிற்று. லைன் வீடுகளின் தகரம் கடைசியாக முங்கியதைப் பார்க்கக் கூட்டமாக வந்தார்கள். அழுதவர்களும் உண்டு. அடிவாரத்தில் புதுக்குடியிருப்பில் குழாயைத் திருகித் தண்ணீர் வந்தபோது சிரித்தவர்களும் அவர்கள்தான். முத்துராக்கு தன் புதுவீட்டுக்கு அங்கயற்கண்ணியைக் கூப்பிட்டுக் கறிக்குழம்பு வைத்துப் போட்டாள்.

பிறகு மேல்சோலை. வெளிகள் மட்டும் போதவில்லை. ஒப்புக்கொண்ட பரப்பை எட்ட, மூடிய காட்டின் அடியிலும் தெளிக்கவேண்டும் என்று முடிவாகியிருந்தது. நெருக்கமாக வளர்ந்தால் அதுவும் காடுதானே என்றார்கள். அங்கயற்கண்ணி தயங்கினாள். ஆனால் வழக்கமாகத் தயங்குகிறவளை ஏற்கெனவே இறக்கிவிட்டாயிற்று. இவளது தயக்கத்தை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஆனி மாத மூட்டத்துக்குள் ட்ரோன்கள் வண்டுகள்போல இரைந்துகொண்டு போய்வந்தன.

சில வாரங்களில் சோலையின் தரை எழுந்து நின்றது. வேறு விதமாகச் சொல்ல முடியாது. எத்தனையோ வருடங்களாக ஒரு முழத்தில் நின்ற நாவல் கன்றுகள் எல்லாம் ஒரே சமயத்தில் இடுப்புயரம் வந்தன. அதிகாரிகள் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அவள் கையைப் பிடித்துக் கண்கலங்கினார். ஆனால் அவள் தண்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். இருட்டறையில் முளைவிட்ட உருளைக்கிழங்கின் தண்டு மாதிரி வெளுத்து, நீர் கோத்து, விரல் பட்டால் முறிகிற பதத்தில் இருந்தன. எழுந்த கன்றுகள் வெயிலைத் தேடின. மேலே பெரிய மரங்கள் அப்படியே மூடி நின்றன. வெயில் இல்லை.

மார்கழியில் பனி இறங்கியது. அந்த முறை நிஜமான குளிர்காலம். ஒரு காலையில் அவள் சோலைக்குள் போனபோது கன்றுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருந்தன. தை பிறப்பதற்குள் பழுப்பேறி, ஈரத்தில் அழுகி, நாற்றம் எடுத்தன. வெளிகளில் எழுந்தவையும் தப்பவில்லை. எந்த மரம் எப்போது விழுந்தாலும் அந்த இடத்துக்கு எழட்டும் என்று காடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருந்த கன்றுகள் அத்தனையும் ஒரு பருவத்தில் போய்விட்டன.

கன்று பார்க்கும் வேலைக்கு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். முத்துராக்கு அவள் எதிரே வந்து நின்றாள். "என்ன டாக்டரம்மா இப்படி ஆயிப்போச்சு?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

எதிர்பாராத உறைபனி என்று ஆராவமுதன் அறிக்கை எழுதினார். "பனி பெஞ்சது பொய்யா மேடம்?" என்று கேட்டார். பொய் இல்லை.

அவளைத் தூக்கி நிறுத்தியது அந்தச் சாவுக்கு நடுவே கண்ணில் பட்ட சில கன்றுகள். அங்கொன்றும் இங்கொன்றுமாக, கரும்பச்சை இலையோடு, எதுவுமே நடக்காதது மாதிரி நின்றன. பனி அவற்றை ஒன்றும் செய்யவில்லை. அவற்றைப் பார்த்ததும் மண்ணில் முழங்காலிட்டு அங்கயற்கண்ணி அழுதாள். இந்த மலையே தனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டாள். அவற்றின் திசுவிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்று வளர்த்தாள். நடுமலை நாங்கிலும் அடிவாரத்து வேங்கையிலும் மருந்துக்குப் பின் இதே மாதிரி நின்றவற்றைத் தேடி எடுத்துச் சேர்த்துக்கொண்டாள். உறுதிக் கன்று என்று பெயர் வந்தது. மலையின் மூன்று மட்டத்திலும், பெரிய மரங்களின் நிழலிலும் நிழல்தட்டிக்கு அடியிலுமாக, நடத் தொடங்கினார்கள். பெண்களுக்கு வேலை திரும்பியது. முத்துராக்கு ஒரு கூட்டத்துக்குத் தலைவியானாள்.

உறுதிக் கன்று சாகவில்லை. அடிவாரத்துக் கோடையிலும் சாகவில்லை, உச்சிப் பனியிலும் சாகவில்லை. ஆடு கடித்தால் மறுபடி அதே அளவுக்குத் துளிர்த்தது. இப்படி ஒரு கன்றை யாரும் பார்த்ததில்லை. அவளுக்குப் பெரிய விருதொன்று கிடைத்தது. அம்மா அதைக் கூடத்தில் மாட்டினாள். அந்த வீட்டில் இப்போது குழாயில் தண்ணீர் வந்தது.

சில வருடங்கள் கழித்து, மேல்சோலையில் ஒரு முதிய நாவல் மரம் காற்றில் விழுந்தது. விழுந்த இடத்தில் உறுதிக் கன்றுகள் நட்டிருந்தார்கள். முதல் முறையாக அவற்றுக்கு நல்ல வெளி கிடைத்திருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒரு மழைக்காலம் போகட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு பார்க்கப் போனாள்.

வெளி நிறைய வெயில். தோளளவு பெரணி. சீமைமுள் புதராக மண்டியிருந்தது. அதைக் கையால் விலக்கினாள். உறுதிக் கன்றுகள் ஒரு முழத்தில் நின்றன. இலைகள் பளபளத்தன. ஒரு கணுகூட ஏறவில்லை.

ஐந்தாறு கன்றுகளைப் பெயர்த்து வந்து கண்ணாடி வீட்டில் வைத்தாள். முழு வெயில் காட்டினாள். எழுப்பி தெளித்தாள். அளவை இரட்டிப்பாக்கினாள், பிறகு வேரிலேயே ஊற்றினாள். கன்றுகள் அவளைச் சட்டை செய்யவில்லை. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் வேறொரு வாய் அதைச் சொல்லிக் கேட்கவேண்டும்போல இருந்தது. அப்படிச் சொல்லக்கூடிய வாய் ஒன்றுதான் உண்டு.

ஜெபக்கனி தன் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தாள். வகுப்பு முடியும்வரை அங்கயற்கண்ணி வேப்பமரத்தடியில் நின்றாள். வெளியே வந்தவள் அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஆய்வுக்கூடத்துக்குள் கூட்டிப்போய் ஸ்டூல் போட்டாள். அங்கயற்கண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். ஜெபக்கனி விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதைக் கேக்கவா இம்புட்டுத் தூரம் வந்த? ஒனக்கே தெரியும்லா."

"நீ சொல்லு."

"மருந்து எந்திரின்னு சொல்லிச்சு. காது கேட்ட கன்னெல்லாம் எந்திரிச்சி செத்துப்போச்சு. தப்பிச்சது எது? காது கேக்காதது. வெயிலு வந்து கூப்பிட்டாலும் உள்ள அதே சாறுதானட்டி சொல்லணும்? அதுக்குக் கேக்காது. எப்பவும் கேக்காது. நீ செவிட்டுக் கன்னாப் பாத்துப் பொறுக்கி மலை பூரா நட்டு வச்சிருக்க."

வெளியே பிள்ளைகள் கோகோ விளையாடுகிற சத்தம் கேட்டது.

"ஜெபா, என்கூட வா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னா கேப்பாங்க."

"எனக்கு எட்டாங்கிளாஸ் பேப்பர் திருத்தணும்."

"ஜெபா..."

"அன்னைக்கு மீட்டிங்ல என்னைப் பத்தி நீ என்ன சொன்னன்னு எனக்குத் தெரியும். எப்பவுமே தயங்குறவன்னு சொன்னியாம்." அவள் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள். "அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்கு. அதை விட்டா ஒனக்குச் செரமம்."

அஞ்சரை பஸ்ஸில் ஏறிச் சென்னைக்குப் போனாள். ஆராவமுதன் இப்போது பெரிய பதவியில் இருந்தார். தலை நரைத்திருந்தது, குரல் மாறவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தக் கன்று சாகுமா மேடம்?"

"சாகாது சார்."

"காயுமா?"

"காயாது. ஆனா வளராது. இப்ப நிக்கிற பெரிய மரமெல்லாம் ஒவ்வொண்ணா விழும். அந்த இடத்துக்கு ஏறி வர ஒண்ணும் இருக்காது. நம்ம காலத்துல தெரியாது, நம்ம பேரப்பிள்ளைகள் காலத்துல அங்க முழங்கால் உயரத்துக்குக் கன்றும் முள்ளும்தான் இருக்கும். விதை விழுந்து முளைக்கக்கூட இடம் கிடைக்காது. நம்ம கன்று அடைச்சிக்கிட்டு நிக்கும். நட்டதையெல்லாம் பிடுங்கணும் சார். இப்பவே ஆரம்பிக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஈட்டுக் காடுன்னா ஒப்பந்தத்துல என்ன கேட்டிருக்காங்க? கன்று உயிரோட இருக்கணும், பச்சையா இருக்கணும். அது மரமாகணும்னு யாரும் எழுதலையே மேடம். எழுதணும்னு யாருக்கும் தோணல. கன்றுன்னா வளரும்னுதானே எல்லாரும் நினைப்போம்."

"அதனால?"

"அதனால நாம எதையும் மீறல." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல முன்னால் சாய்ந்தார். கேலி செய்யவில்லை, உண்மையிலேயே முகம் மலர்ந்திருந்தது. "வளரவே வளராதுன்னு நிச்சயமாச் சொல்றீங்களா? மின்கம்பிக்குக் கீழ வருஷா வருஷம் மரத்தை வெட்டிக்கிட்டே இருக்கோம். ரோட்டோரம், ரயில் பாதை ஓரம்... ஒருதரம் நட்டா அப்படியே நிக்கும்னா, மேடம், இது எங்கெல்லாம் தேவைப்படும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். ஒரு பத்திரிகையிடம் போனாள். கட்டுரை ஒன்று வந்தது. பக்கத்தில் படமும் போட்டிருந்தார்கள்: மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகத் தளதளவென்று கன்றுகள். அந்தப் படத்தைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? அருமையான பணி, வாழ்த்துகள் என்று சிலர் கடிதம் எழுதினார்கள்.

கடைசியில் முத்துராக்கிடம்தான் போனாள். அவளிடம் சொல்லாமல் இருந்ததுதான் உள்ளதிலேயே பெரிய குற்றமாக அவளுக்குப் பட்டது. பெண்கள் அப்போது அணைக்கு மேலே இருந்த சரிவில் நட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. முத்துராக்கு கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரிசையின் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். முடி நரைத்து, உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது.

"வாங்க டாக்டரம்மா. என்ன, மூஞ்சி வாடிப்போயிக் கெடக்கு? ஒடம்புக்கு முடியலையா?"

அங்கயற்கண்ணி சரிவிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சோலைக் கன்றுகள் எதனால் செத்தன, இவை எதனால் சாகவில்லை, இனி என்ன ஆகும், எல்லாமும். முத்துராக்கு குழிக்குள் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது வளராது."

"வளராதுக்கா."

"என்ன செஞ்சாலும்?"

"என்ன செஞ்சாலும்."

முத்துராக்கு கூடைக்குள் பார்த்தாள். தான் இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றி, நிழல்தட்டி கட்டி, பிள்ளை மாதிரி தூக்கி வந்த கன்றுகள். "அதான் பாத்தேன்," என்றாள் மெல்ல. "மொத வருசம் நட்டதெல்லாம் அப்படியே நிக்கே, மண்ணு சரியில்ல போலன்னு நெனைச்சேன். பக்கத்துப் பள்ளத்துல இருந்து நல்ல மண்ணா அள்ளிக் கொண்டாந்து போட்டேன்."



"ஜெபாம்மா அப்பவே வேண்டாம்னு சொன்னாகள்ல?" என்றாள் முத்துராக்கு. "நீங்க ரெண்டு பேரும் வராந்தாவுல சண்டை போட்டீக. எங்க லைன் வரைக்கும் கேட்டுச்சு. கூட்டத்தன்னைக்கு அது என் நெனப்புல இருந்துச்சு. இருந்தும் நான் எந்திரிச்சிப் பேசுனேன். எனக்கு வீடு வேணும்னு இருந்துச்சு."

"தப்பு என்னோடதுக்கா. நிறுத்திடுங்க. நீங்க எல்லாரும் நடமாட்டோம்னு சொன்னா வெளிய தெரியும். யாராவது கேப்பாங்க."

"நிறுத்திட்டு?"



முத்துராக்கு முகவாயால் கீழே காட்டினாள். "எங்க வீடு, எங்க சுடுகாடு, பேச்சியைப் பொதைச்ச எடம், எல்லாம் அந்தத் தண்ணிக்கடியில கெடக்கு. காடு எந்திரிச்சு வரும்னு நீங்க சொல்லித்தான் அதை விட்டோம். இப்ப எந்திரிக்காதுங்குறீக. சரி. தண்ணிய நீங்க எறக்கிவிடுங்க, இந்தக் கூடைய நான் எறக்கி வச்சிடுறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கூலியும் நேரமும் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு கன்றைக் குழிக்குள் நிறுத்தி, நாலு பக்கமும் மண்ணை அணைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள். எழுந்தாள். பின்னால் மற்றப் பெண்கள் ஒரே வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்வரிசை நின்றதால் அவர்களும் நின்று, என்ன பேச்சு என்று பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லடி, வாங்க," என்று முத்துராக்கு குரல் கொடுத்தாள். திரும்பி, இன்னும் தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"தள்ளிக்கங்க தாயி. நீங்க இருக்க எடத்துலதான் அடுத்த குழி."

அங்கயற்கண்ணி எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல், தள்ளி நின்றாள்.